எட்டு முனை, ஒரு சென்சார்: எஸ்.டி.சி.-1000 கண்ட்ரோலரை வீட்டு பீருக்குப் பழக்குவது

பீர் காய்ச்சுவதில் நம் கைவேலை முதல் நாளோடு முடிந்துவிடும். அதற்குப் பிறகு வேலை ஈஸ்டுடையது. அது எந்தச் சூட்டில் வேலை செய்கிறது என்பதுதான் ருசியை முடிவு செய்யும், குறிப்பாக முதல் மூன்று நாள். ஏல் வகை ஈஸ்டுகளில் பெரும்பாலானவை 18 முதல் 20 டிகிரி செல்சியஸுக்குள் ஒழுங்காக நடந்துகொள்ளும். லாகர் ஈஸ்டுக்கு 9 முதல் 13 வரை. அதைத் தாண்டினால் வாழைப்பழ வாசம், நெயில் பாலிஷ் நெடி, தொண்டையைச் சுடுகிற கனத்த ஆல்கஹால் எல்லாம் எட்டிப் பார்க்கும். போதாததற்கு நொதிக்கும் பீர் தானாகவே சூடேறும். மும்முரமாக நுரைக்கும் வேளையில் அது சுற்றியுள்ள காற்றைவிட மூன்று முதல் ஐந்து டிகிரி கூடுதலாக இருக்கும். சுவரில் மாட்டிய தெர்மாமீட்டர் 20 என்று காட்டும்போது வாளிக்குள் 24 ஓடிக்கொண்டிருக்கலாம்.

இதற்கு விடை பழைய ஃபிரிட்ஜ் ஒன்று, சின்ன ஹீட்டர் ஒன்று, இரண்டையும் மாற்றி மாற்றி இயக்க ஒரு கண்ட்ரோலர். அந்தக் கண்ட்ரோலரை மலிவாக வாங்கி நம் தேவைக்குத் திருத்திக்கொள்வதுதான் இந்த அத்தியாயம்.

தொடங்கும் முன் சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். பிரிட்டனில் வீட்டுக்கு பீர் காய்ச்ச 1963 வரை உரிமம் தேவைப்பட்டது. அந்த ஆண்டு பட்ஜெட்டில் நிதியமைச்சர் ரெஜினால்ட் மோட்லிங் அதை நீக்கினார். அமெரிக்காவில் 1978-இல் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டம் வழிவிட்டது. இரண்டு இடத்திலும் சொந்தக் குடிக்கு மட்டும்தான், விற்கக் கூடாது. தமிழ்நாட்டில் 1937-ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டப்படி உரிமம் இல்லாமல் வீட்டில் மது தயாரிப்பது குற்றம். அங்கே இருக்கிற தம்பி, மச்சான் யாருக்கும் இந்த அத்தியாயத்தைப் படம் பிடித்து அனுப்ப வேண்டாம். இங்கே வரும் வயர் நிறம், சாக்கெட், ஃபியூஸ் எல்லாம் பிரிட்டன் கணக்கு.

கருவி

எஸ்.டி.சி.-1000 என்பது கடைகளின் குளிர்பெட்டி, மீன் தொட்டி, முட்டை பொரிக்கும் பெட்டி போன்றவற்றுக்காகச் சீனாவில் செய்யப்படும் கண்ட்ரோலர். எலிடெக் என்ற பெயரில் வருவது ஒன்று, அதே முகத்தோடு வரும் நகல்கள் பல. முன்பக்கம் சிவப்பு எண்கள், நான்கு பொத்தான், பின்பக்கம் எட்டு ஸ்க்ரூ முனை. உள்ளே இரண்டு ரிலே. ஒன்று குளிர்விக்க, ஒன்று சூடாக்க. ஒரே கருவியில் இரண்டும் இருப்பதால்தான் பீர்க்காரர்கள் இதை விடாமல் பிடித்துக்கொண்டார்கள். இங்கிலாந்தின் வசந்த காலத்தில் பகலில் குளிர்வித்து, இரவில் சூடாக்க வேண்டியிருக்கும்.

வயரிங் உங்களுக்குப் பழக்கம் இல்லையென்றால் இங்கேயே நின்றுவிடுங்கள். இன்க்பேர்ட் ஐ.டி.சி.-308 என்று ஒன்று விற்கிறது. பிளக்கும் இரண்டு சாக்கெட்டும் அதிலேயே இருக்கும், சுவரில் செருகினால் போதும். விலை கொஞ்சம் கூடுதல். ஆனால் எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எஸ்.டி.சி. பெட்டி செய்யச் சொன்னால் கூலியே அதைவிட அதிகமாகும். சென்சாரை எங்கே வைப்பது, எத்தனை டிகிரி விலகலுக்கு இடம் கொடுப்பது என்று கீழே வருவது அதற்கும் பொருந்தும்.

வாங்கும்போது வோல்ட்டேஜைப் பாருங்கள். 230, 110, 24, 12 வோல்ட் என்று நான்கு வகை ஒரே முகத்தோடு வருகின்றன. பக்கவாட்டு ஸ்டிக்கரில் எழுதியிருக்கும்.

பெட்டியும் வயரிங்கும்

கருவியைப் பதிக்க 71 மி.மீ. அகலம், 29 மி.மீ. உயரத்தில் ஓட்டை வேண்டும். ஆழம் ஏறத்தாழ 85 மி.மீ. இருப்பதால் பிளாஸ்டிக் பெட்டி 120 மி.மீ. ஆழமாவது இருக்கட்டும். பின்னால் வயர் வளைய இடம் தேவை. உலோகப் பெட்டி பார்க்க அழகு, ஆனால் அதை எர்த் செய்தே ஆக வேண்டும். முதல் தடவை செய்பவருக்குப் பிளாஸ்டிக்கே நல்லது.

முனைகளின் கணக்கு இது. 1, 2 கருவிக்கு மின்சாரம். 3, 4 சென்சார். 5, 6 சூட்டு ரிலே. 7, 8 குளிர் ரிலே. சில நகல்களில் எண் மாறியிருக்கும், மேலே ஒட்டிய படத்தைத்தான் நம்ப வேண்டும்.

எல்லோரும் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. ரிலே முனைகளில் மின்சாரம் தானாக வராது. அவை வெறும் சுவிட்ச். பிளக்கிலிருந்து வரும் ஃபேஸ், அதாவது பழுப்பு வயர், மூன்றாகப் பிரிய வேண்டும்: ஒன்று முனை 1-க்கு, ஒன்று 5-க்கு, ஒன்று 7-க்கு. 6-இலிருந்து ஹீட்டர் சாக்கெட்டின் ஃபேஸ், 8-இலிருந்து ஃபிரிட்ஜ் சாக்கெட்டின் ஃபேஸ். நீல நியூட்ரல் முனை 2-க்கும் இரண்டு சாக்கெட்டுக்கும் நேராகப் போகும். பச்சை-மஞ்சள் எர்த் கண்ட்ரோலரைத் தொடாமல் சாக்கெட்டுகளுக்கே போகும். முனை 5-க்கும் 7-க்கும் ஃபேஸ் கொடுக்க மறந்துவிட்டால் எண்கள் எரியும், ரிலே டிக் டிக்கென்று அடிக்கும், ஃபிரிட்ஜ் மட்டும் ஓடாது. கருவி கெட்டுவிட்டது என்று திருப்பி அனுப்புபவர்கள் முதலில் இதைப் பார்க்க வேண்டும்.

அந்தச் சின்ன ஸ்க்ரூ முனைக்குள் இரண்டு வயரைச் சேர்த்துத் திணிக்காதீர்கள். பிரிவதெல்லாம் வாகோ போன்ற நெம்புகோல் கனெக்டரில் பிரியட்டும், முனைக்கு ஒரு வயர் மட்டும் போகட்டும். 1.5 சதுர மி.மீ. வயர் தாராளம். பல இழை வயரென்றால் நுனியில் ஃபெரூல் மாட்டுங்கள். ஈயம் பூசிய நுனியை ஸ்க்ரூவில் இறுக்கினால் நாள்பட நசுங்கித் தளர்ந்துவிடும்.

சாக்கெட் விஷயத்தில் நாடு மாறினால் வழி மாறும். அமெரிக்க இரட்டை சாக்கெட்டின் பக்கத்தில் சின்னப் பித்தளைப் பாலம் இருக்கும். ஃபேஸ் பக்கத்துப் பாலத்தை மட்டும் கட்டிங் பிளேயரால் ஒடித்தால் இரண்டு வாயும் தனித்தனி. பிரிட்டனின் இரட்டை சாக்கெட்டில் ஃபேஸ் பட்டை உள்ளே ஒன்றாகவே ஓடும். ஆகவே இங்கே இரண்டு ஒற்றை சாக்கெட் வாங்கிக்கொள்ளுங்கள். எது ஃபிரிட்ஜ், எது ஹீட்டர் என்று அழியாத பேனாவால் எழுதி வையுங்கள். மாற்றிச் செருகினால், பீர் சூடாகச் சூடாக ஹீட்டர் இன்னும் சூடாக்கும்.

பிளக்கில் 13 ஆம்பியர் ஃபியூஸ் போட்டு வந்திருக்கும். அதை 5 ஆம்பியருக்கு மாற்றுங்கள். ஃபிரிட்ஜ் கிளம்பும்போது சில நொடி மின்சாரத்தை அள்ளி இழுக்கும். 3 ஆம்பியர் சில சமயம் அதில் போய்விடும். மின்கசிவு வந்தால் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.டி. பாதுகாப்பு இல்லாத லைனில் இதைச் செருக வேண்டாம். நீர், வோர்ட் (நொதிக்கும் முன் உள்ள மால்ட் சாறு), சிந்திய சர்க்கரைத் தண்ணீர் எல்லாம் புழங்கும் இடம் இது.

ரிலேயில் 10 ஆம்பியர் என்று அச்சிட்டிருக்கும். அது ஹீட்டர் போன்ற சாதாரணச் சுமைக்கான கணக்கு. வீட்டு ஃபிரிட்ஜுக்குச் சிக்கல் இல்லை. அதை நம்பி, 13 ஆம்பியர் ஃபியூஸையே விட்டுவைத்து 3 கிலோவாட் கொதிகலனை மாட்டினால் 13 ஆம்பியர் ஓடும், பெட்டி உருகும்.

பெட்டி ஃபிரிட்ஜுக்கு வெளியே இருக்க வேண்டும். உள்ளே ஈரம் வியர்க்கும். சென்சார் வயரையும் ஹீட்டர் வயரையும் கதவின் ரப்பர் விளிம்பு வழியாக விட்டால் போதும், ரப்பர் வளைந்து கொடுக்கும். ஃபிரிட்ஜின் பக்கச் சுவரில் துளை போடலாமா என்று கேட்பவர்கள் உண்டு. கூடாது. பல மாடல்களில் வாயுக் குழாய் அந்தச் சுவருக்குள்தான் ஓடுகிறது. இப்போதைய வீட்டு ஃபிரிட்ஜ்களில் இருக்கும் ஐசோபியூட்டேன் தீப்பற்றும்.

ஃபிரிட்ஜுக்குள் இருக்கும் அதன் சொந்த தெர்மோஸ்டாட்டைக் கழற்ற வேண்டாம். அதிகக் குளிருக்குத் திருப்பி வைத்தால் போதும், ஓட்டுவதும் நிறுத்துவதும் நம் பெட்டி பார்த்துக்கொள்ளும். திருகுக் குமிழ் வைத்த பழைய ஃபிரிட்ஜ்தான் இதற்குத் தோது. எலெக்ட்ரானிக் பலகை வைத்த சில புது மாடல்கள் கரெண்ட் போய் வந்தால் பொத்தானை அமுக்கும் வரை தூங்கிக்கொண்டிருக்கும்.

சென்சார்: முதலில் திருத்த வேண்டியது இதைத்தான்

பலர் பெட்டியைப் பளபளவென்று செய்துவிட்டு சென்சாரை ஃபிரிட்ஜுக்குள் தொங்கவிடுகிறார்கள். செலவிட்ட உழைப்பில் பாதி அங்கேயே போய்விடுகிறது. தொங்கும் சென்சார் காற்றை அளக்கிறது. காற்று நிமிடத்துக்கு நிமிடம் மாறும், பீர் மாறாது. 23 லிட்டர் பீரை ஒரு டிகிரி ஏற்ற ஏறத்தாழ 97 கிலோஜூல் வேண்டும். 60 வாட் ஹீட்டரின் சூடு ஒரு துளி வீணாகாமல் உள்ளே போனாலும் 27 நிமிடம் ஆகும். இவ்வளவு மெதுவாக அசைகிற பொருளைக் காற்றை வைத்து ஆட்டினால் கம்பிரசர் ஓயாமல் நின்று நின்று கிளம்பும். பீர் தன் பாட்டுக்கு மூன்று டிகிரி மேலே இருக்கும்.

சென்சாரை வாளியின் பக்கவாட்டில், பீர் மட்டத்தின் பாதி உயரத்தில் ஒட்டுங்கள். அதன் மேல் உள்ளங்கை அளவு தெர்மோகோல் அல்லது மடித்த குமிழி உறையை வைத்து, காற்று புகாதபடி டேப்பால் இறுக்குங்கள். அந்தப் போர்வைதான் வேலையைச் செய்கிறது. அது இல்லையென்றால் சென்சார் பாதி பீரையும் பாதி காற்றையும் சொல்லும். இன்னும் துல்லியம் வேண்டுமென்றால் மூடியில் துளையிட்டு, அடி மூடிய ஸ்டெயின்லெஸ் குழாயை உள்ளே இறக்கி, சென்சாரை அதற்குள் விடலாம். கருவியோடு வரும் சென்சாரை நேராக பீருக்குள் போடாதீர்கள். அது உணவுக்கென்று செய்ததல்ல. தலைப்பகுதியின் இடுக்கு வழியாக நீர் ஏறி நாளடைவில் எண்ணைக் குழப்பும்.

இந்த சென்சார் ஒரு தெர்மிஸ்டர். சூடு ஏற ஏற அதன் மின்தடை குறையும். 25 டிகிரியில் 10,000 ஓம், 20 டிகிரியில் சுமார் 12,200, பனிக்கட்டித் தண்ணீரில் சுமார் 28,700. சந்தேகம் வந்தால் 3, 4 முனைகளிலிருந்து கழற்றி மல்டிமீட்டரை வைத்துப் பார்த்துக்கொள்ளலாம். வயர் போதவில்லை என்றால் சாதாரண இரட்டை இழை வயரால் நீட்டுங்கள். எந்த முனை எது என்ற பேதமும் இல்லை. 20 டிகிரி பக்கத்தில் ஒரு டிகிரிக்கு ஏறத்தாழ 490 ஓம் மாறும் பொருளுக்குப் பத்து மீட்டர் வயர் சேர்க்கும் ஓரிரு ஓம் ஒரு பொருட்டே அல்ல. ஒட்டிய இடத்தில் ஈரம் புகாமல் பசையுள்ள ஹீட் ஷ்ரிங்க் மாட்டுங்கள். மெயின்ஸ் வயரோடு சேர்த்துக் கட்டாதீர்கள். 25 டிகிரியில் 10 கிலோ ஓம், பீட்டா 3435 என்று குறித்த ஸ்டெயின்லெஸ் சென்சார் தனியாகக் கிடைக்கும், அதை மாட்டலாம். பீட்டா 3950 என்று இருப்பதை வாங்கினால் ஒரு இடத்தில் சரியாகவும் மற்ற இடங்களில் பிசகாகவும் காட்டும்.

கருவியின் துல்லியம் ஒரு டிகிரி முன்னே பின்னே. ஆகவே சரிபார்த்தே ஆக வேண்டும். பனிக்கட்டியை நொறுக்கி, இடைவெளி நிரம்பும் அளவு மட்டும் தண்ணீர் ஊற்றிக் கலக்கி, சென்சாரை நடுவில் பிடித்தால் 0.0 காட்ட வேண்டும். எல்லோரும் சொல்லும் வழி இது. எனக்கு இதோடு திருப்தி வராது. நாம் பீர் நொதிக்க வைப்பது பூஜ்யத்தில் அல்ல, 18-இல். நம்பகமான தெர்மாமீட்டர் ஒன்றையும் சென்சாரையும் ரப்பர் பேண்டால் சேர்த்துக் கட்டி, 18 டிகிரித் தண்ணீரில் விட்டு, அங்கே வரும் வித்தியாசத்தைக் கருவியின் எஃப்4 என்ற திருத்த எண்ணில் பதியுங்கள் (பதியும் வழி கீழே). பூஜ்யத்தில் அரை டிகிரி தப்பினால் தப்பட்டும்.

நான்கு எண்கள்

எஸ் பொத்தானை மூன்று நொடி அமுக்கினால் எஃப்1 வரும். அம்புப் பொத்தானால் அடுத்தடுத்து நகரலாம். எஸ்ஸை அமுக்கியபடியே அம்பை அமுக்கினால் மதிப்பு மாறும். முடித்ததும் பவர் பொத்தானைத் தொட்டால் பதிவாகும்.

எஃப்1 நாம் விரும்பும் சூடு. எஃப்2 எவ்வளவு விலகினால் ரிலே விழ வேண்டும் என்பது. எஃப்1 18, எஃப்2 0.5 என்றால் 18.5-இல் ஃபிரிட்ஜ் கிளம்பி 18.0-இல் நிற்கும். 17.5-இல் ஹீட்டர் கிளம்பி 18.0-இல் நிற்கும். எஃப்3 ஃபிரிட்ஜ் நின்ற பிறகு மறுபடி கிளம்ப எத்தனை நிமிடம் பொறுக்க வேண்டும் என்பது, 1 முதல் 10 வரை. கம்பிரசர் நின்றவுடனே கிளம்பினால் உள்ளே அழுத்தம் சமமாகாமல் மோட்டார் திணறும். 10 வைத்துவிடுங்கள். 23 லிட்டர் பீருக்குப் பத்து நிமிடத்தில் எதுவும் ஆகிவிடாது. கரெண்ட் வந்ததும் குளிர் விளக்கு மின்னிக்கொண்டே இருந்து ஃபிரிட்ஜ் ஓடவில்லை என்றால், அந்தப் பத்து நிமிடம்தான் ஓடிக்கொண்டிருக்கிறது. எஃப்4 மேலே சொன்ன சென்சார் திருத்தம்.

எஃப்2-ஐ 0.3 வரை இறக்கலாம். இறக்க வேண்டும் என்று கை பரபரக்கும், வேண்டாம். ஃபிரிட்ஜ் நின்ற பிறகும் அதன் பின்தகடு உறைந்துதான் இருக்கும், பீர் இன்னும் கொஞ்சம் இறங்கும். எஃப்2 குறுகலாக இருந்தால் அந்தச் சறுக்கலே ஹீட்டரைக் கிளப்பிவிடும். ஹீட்டர் மேலே தள்ள, ஃபிரிட்ஜ் கீழே இழுக்க, மின்மீட்டர்தான் ஓடும். 0.5 நல்லது. அதிலும் இரண்டும் மாறி மாறிக் கிளம்புகின்றன என்றால் 0.8.

ஹீட்டரைச் சின்னதாக வையுங்கள். பசுமைக்குடில்களில் மாட்டும் 45 அல்லது 60 வாட் டியூப் ஹீட்டர், அல்லது வாளியைச் சுற்றும் 25 வாட் ஹீட் பெல்ட். ரிலே கெட்டால் பெரும்பாலும் திறந்தபடி கெடாது. தொடுமுனைகள் உருகி ஒட்டிக்கொண்டு, மூடியபடியே நின்றுவிடும். மூடிய ஃபிரிட்ஜுக்குள் 500 வாட் விசிறி ஹீட்டர் இரவு முழுக்க ஓடினால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். 60 வாட் என்றால் பீர் வீணாகும், வீடு தப்பும். ஹீட்டரிலேயே தானாக அணையும் தெர்மல் கட்-அவுட் இருக்கிறதா என்றும் பார்த்து வாங்குங்கள். கூடவே ஒரு பழைய கம்ப்யூட்டர் விசிறியை 12 வோல்ட் அடாப்டரில் உள்ளே ஓடவிட்டால் மேலே சூடு, கீழே குளிர் என்று காற்று பிரிந்து நிற்காது.

மென்பொருளை மாற்றுவது

இதுவரை சொன்னதில் கண்ட்ரோலரைத் திறக்கவே இல்லை. பெரும்பாலோருக்கு இதுவே போதும். லாகர் செய்பவர்களுக்குத்தான் அடுத்த படி. நொதிப்பு முடியும் தறுவாயில் பீரை 16-17 டிகிரிக்கு ஏற்றி, வெண்ணெய் வாசம் தரும் டைஅசிட்டைலை ஈஸ்ட் தின்று முடிக்கவிட்டு, பிறகு 2 டிகிரிக்கு இறக்கித் தெளியவைக்க வேண்டும். எஃப்1-ஐத் தினம் ஒரு தடவை கையால் திருப்பியும் செய்யலாம். ஊருக்குப் போகிறவர்களுக்கு அது நடக்காது.

சுவீடனைச் சேர்ந்த ஒரு ஆர்வலர் இந்தக் கருவிக்கென்றே எஸ்.டி.சி.-1000 பிளஸ் என்ற மென்பொருளை எழுதி கிட்ஹபில் திறந்து வைத்தார். அசல் மென்பொருளை அழித்துவிட்டு இதை ஏற்ற ஒரு அர்டுயினோ ஊனோ பலகை போதும். ஆறு தனித்தனி நிரல்கள், ஒவ்வொன்றிலும் பத்து வரை சூட்டுப் படிகள், ஒவ்வொரு படிக்கும் 999 மணி வரை நேரம். குளிருக்கும் சூட்டுக்கும் தனித்தனித் தாமதம். இரண்டாவது சென்சார் வைத்துக் காற்றையும் கண்காணிக்கும் வசதி.

முதலில் மூடியைத் திறந்து உள்ளே பாருங்கள், அதுவும் பிளக்கைச் சுவரிலிருந்து உருவிய பிறகு. பலகையில் ஏ400_பி என்று அச்சிட்டு, நடுவில் பிக்16எஃப்1828 சில்லு இருந்தால்தான் இந்த மென்பொருள் ஏறும். பல நகல்களில் வேறு சில்லு இருக்கும், வெளியே பார்த்தால் வித்தியாசமே தெரியாது. வேறு சில்லு என்றால் பேசாமல் மூடிவிடுங்கள். இன்னொன்று, அசல் மென்பொருள் பூட்டப்பட்டது. பிரதி எடுத்து வைக்க முடியாது. அழித்தால் அழித்ததுதான், திரும்பிப் போக வழியில்லை.

பலகையின் ஓரத்தில் ஐந்து ஓட்டைகள் வரிசையாக இருக்கும். தொழிற்சாலையில் சில்லுக்கு மென்பொருள் ஏற்றிய வழி அது. அதில் ஐந்து முள் கொண்ட பின்-ஹெடரைச் சால்டர் செய்து, அர்டுயினோவோடு ஐந்து வயரால் இணைக்க வேண்டும். எந்த முள் எதற்கு என்பதைத் திட்டத்தோடு வரும் படத்தைப் பார்த்தே இணையுங்கள், நினைவை நம்பாதீர்கள். இந்த நேரத்தில் 1, 2 முனைகளில் வயரே இருக்கக் கூடாது. பலகைக்குத் தேவையான 5 வோல்ட் அர்டுயினோவிலிருந்து வந்துவிடும். மெயின்ஸும் இருந்தால் சால்டர் பிடித்த கைக்கு அருகிலேயே 230 வோல்ட் ஓடும், யு.எஸ்.பி. வழியாகக் கம்ப்யூட்டரும் அதில் மாட்டும். செல்சியஸ், ஃபாரன்ஹீட் என்று இரு பதிப்பு உண்டு. செல்சியஸை ஏற்றுங்கள்.

லாகர் நிரல் ஒன்றை எழுதிப் பார்க்கலாம். படிக்குப் படி சூட்டைச் சாய்வாக மாற்றும் ரேம்ப் வசதி இயங்குவதாக வைத்துக்கொள்வோம். முதல் படி 10 டிகிரி, 168 மணி. இரண்டாம் படியும் 10 டிகிரி, 48 மணி. மூன்றாம் படி 17 டிகிரி, 72 மணி. நான்காம் படியும் 17, 96 மணி. ஐந்தாம் படி 2. ஒரே சூட்டை ஏன் இரண்டு தடவை எழுத வேண்டும் என்று தோன்றும். ரேம்பில் ஒரு படியின் நேரம் என்பது அடுத்த படியின் சூட்டை நோக்கி நடக்கும் நேரம். 10-இலிருந்து 10-க்கு 168 மணி நடந்தால் அது ஒரு வாரம் அசையாமல் நிற்பது. அங்கிருந்து 48 மணியில் 17-க்கு ஏற்றம். 17-இலேயே மூன்று நாள். பிறகு நான்கு நாளில் 2-க்கு இறக்கம். முதல் 10-ஐ ஒரு தடவை மட்டும் எழுதினால் ஈஸ்ட் போட்ட முதல் மணியிலிருந்தே சூடு ஏறத் தொடங்கிவிடும், லாகர் ஏலாகிவிடும். எந்தப் படியில் எத்தனையாவது மணி என்பதை மணிக்கொரு தரம் கருவி நினைவில் எழுதிக்கொள்வதால், கரெண்ட் போய் வந்தால் விட்ட இடத்திலிருந்து தொடரும்.

நேரம் பார்த்து ஏற்றுவதில் ஒரு குறை உண்டு. கண்ட்ரோலருக்கு மணி தெரியும், நொதிப்பு எவ்வளவு முடிந்தது என்று தெரியாது. ஈஸ்ட் சோம்பலாக இருந்தால் ஏழு நாளில் பாதிகூட முடிந்திருக்காது. ஹைட்ரோமீட்டரைப் போட்டுப் பார்த்து, குறைய வேண்டிய அடர்த்தியில் முக்கால் பங்கு குறைந்த பிறகு ஏற்றத்தைத் தொடங்குவதே சரி. வீட்டில் ஆள் இருக்கும்போது நிரலை இரண்டாகப் பிரித்து, முதல் நிரலை வெறும் 10 டிகிரியில் ஓடவிட்டு, ஏற்றத்தை இரண்டாம் நிரலில் வைத்துக் கையால் தொடங்குங்கள்.

மென்பொருள் ஏற்றியதும் நேராகப் பீரில் மாட்ட வேண்டாம். இரண்டு சாக்கெட்டிலும் ஆளுக்கொரு மேசை விளக்கைச் செருகி, சென்சாரைக் கையில் பிடித்துச் சூடாக்குங்கள். தாமத நேரம் கழிந்ததும் ஃபிரிட்ஜ் என்று எழுதிய சாக்கெட்டின் விளக்கு எரிய வேண்டும். பிறகு சென்சாரைப் பனிக்கட்டித் தண்ணீரில் விடுங்கள், ஹீட்டர் சாக்கெட்டின் விளக்கு எரிய வேண்டும். சென்சார் வயரைக் கழற்றினால் இரண்டும் அணைந்து, கருவி கத்த வேண்டும். இந்த மூன்றில் ஒன்று தவறினாலும் பிளக்கை உருவிவிட்டு, 5 முதல் 8 வரையுள்ள முனைகளிலிருந்து மறுபடி தொடங்குங்கள்.